நாகமானின் தோலும் கேயாசியின் தோலும்



இவ்வாரத் தியானத்திற்கென்று நான் எடுத்துக்கொண்டது 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம். சீரியப் படைத்தலைவனாகிய நாகமான் யோர்தானில் ஏழு தரம் மூழ்கிக் குணமடைந்ததை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். ஏழாம் முறை கரையேறியபோது அவனுக்குக் குழந்தையின் மேனி வாய்த்திருந்தது. பெரும்பாலும் அவ்விடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறோம். மூடாமல் மேலே வாசியுங்கள். நாகமான் 10 தாலந்து வெள்ளியும் 6,000 பொற்காசும் 10 மாற்று வஸ்திரங்களும் கொண்டுவந்திருந்தான். எலிசா அவற்றில் ஒன்றையும் தொடவில்லை. அவருடைய வேலைக்காரன் கேயாசியோ பின்னாலே ஓடிச்சென்று, பொய் சொல்லி, இரண்டு தாலந்தும் இரண்டு வஸ்திரங்களும் பெற்று வீட்டில் ஒளித்துவைத்தான். எஜமானின் சமுகத்தைவிட்டு அவன் புறப்பட்டபோது அவன் மேனி பனிபோல் வெளுத்திருந்தது.

ஒரே அதிகாரத்தில் இரண்டு தோல்கள். விலையின்றிக் கிடைத்தது நலம். விலைபேசிக் கிடைத்தது வெண்மை. இன்று நம் திருத்தணியில் விற்பனையாவது கேயாசியின் தோல். அதை நாகமானின் தோல் என்று பெயரிட்டு விற்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு.

வாதத்துக்குள் போகுமுன் ஒரு வார்த்தை. வெண்புள்ளி உடையவர்களையும் தொழுநோயால் வருந்துபவர்களையும் நோக்கி இப்பகுதியை எறிகிறவன் வேதத்தைப் புரட்டுகிறான். குஷ்டம் என்று நம் வேதாகமத்தில் மொழிபெயர்க்கப்பட்ட எபிரெயச் சொல், துணியிலும் வீட்டுச் சுவரிலும் படரும் கறைக்கும் வழங்கியது என்பதை லேவியராகமம் 13, 14-ஆம் அதிகாரங்களில் காணலாம். இன்றைய தொழுநோய் மருந்தால் முற்றும் குணமாவது. வெண்புள்ளியோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதேயில்லை. கேயாசியின் வரலாறு நோயைப் பற்றியதன்று, பேராசையைப் பற்றியது.

லெந்து காலம் முடிந்தது. ஆலயத்தில் திருமண ஓலைகள் வாசிக்கப்படும் பருவம் தொடங்கிற்று. முதலாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் இடைப்பட்ட வாரங்களில் நம் வீட்டுப் பெண்கள் முன்பு நலங்கு மாவும் கஸ்தூரி மஞ்சளும் பூசிக்கொண்டார்கள். அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. அது வீட்டாரின் அன்பு, வீட்டாரின் சிரிப்பு. இப்பொழுது அந்த வாரங்களைப் 'பீலிங்', 'பாலிஷிங்', 'லேசர் டோனிங்' ஆகியவை பிடித்துக்கொண்டன. ஒருபுறம் சென்னை, மறுபுறம் திருப்பதி. இரண்டுக்கும் பேருந்தும் இரயிலும் உண்டு. அங்கே போக வசதியில்லாதவர்களுக்கு மருந்துக்கடையில் ஒரு சிறு குழாய்க் களிம்பு உண்டு. விளம்பரங்கள் யாவும் ஒரே வாக்குத்தத்தத்தைத் தருகின்றன: வழவழப்பான, ஆரோக்கியமாகத் தோன்றும் சருமம். அந்த வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். ஆரோக்கியமான சருமம் என்று அவர்கள் எழுதவில்லை. ஆரோக்கியமாகத் தோன்றும் சருமம் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதினவர் தம் சொற்களை நன்றாக எண்ணிப் பார்த்தே எழுதியிருக்கிறார்.

தோலின் மேற்பரப்பைப் புதுப்பிக்கும் சிகிச்சைகள் யாவும் ஒரே கொள்கையின்மேல் நிற்கின்றன. தோலை அளவோடு காயப்படுத்துவது. காயம் ஆறும்போது எழும் புதுத்தோலுக்காகக் காத்திருப்பது. கிளைகாலிக் அமிலமும் அதனினும் கடுமையான டிரைகுளோரோ அசிட்டிக் அமிலமும் இரசாயனத்தால் அதைச் செய்கின்றன. கார்பன் டை ஆக்சைடு லேசர், தோலில் உள்ள நீரைக் கொதிக்கச் செய்து மேலடுக்கை ஆவியாக்குகிறது. நுண்ணூசி உருளைகள் குத்தியே அதைச் செய்கின்றன. காயம் என்ற சொல் எந்த அறிவிப்புப் பலகையிலும் இராது.

தேர்ந்த தோல் மருத்துவரின் கையில் இவை பயனுள்ள கருவிகள் என்பதை மறுக்கமாட்டேன். முகப்பருவின் ஆழ்ந்த குழிகளையும் தீப்புண்ணின் வடுக்களையும் சுமக்கிறவர்கள் சிகிச்சை நாடுவது விசுவாசக் குறைவன்று. பவுலின் உடன் ஊழியனாகிய லூக்கா வைத்தியன் என்பதைத் திருச்சபை ஒருபோதும் மறைக்கவில்லை. நான் எதிர்த்துப் பேசுவது வேறொன்றை: நோயில்லாத தோலை நோயென்று அறிவித்து, அதைக் காயப்படுத்திப் பணம் வாங்குவதை.

நம் தேசத்துத் தோலுக்கு ஒரு சுபாவம் உண்டு. காயம் பட்டால் அது கருமையால் பதில் சொல்லும். கொசு கடித்த இடமும் பரு உடைந்த இடமும் மாதக்கணக்கில் கறுத்து நிற்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். அமிலம் சற்று மிஞ்சினாலும், லேசரின் வெப்பம் சற்று ஏறினாலும் அப்படியே நிகழும். வெளுக்கப் போனவள் திட்டுத்திட்டாய்க் கறுத்துத் திரும்புகிறாள். பின்பு அந்தத் திட்டுகளை நீக்குவதற்கென்று இன்னொரு 'பேக்கேஜ்'. தோலின் நிறத்தை வகைப்படுத்த உலகெங்கும் வழங்கும் அளவுகோலை 1975-இல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தார். அப்போது அது வெள்ளையரின் தோலை மனத்திற்கொண்டே வகுக்கப்பட்டது. பழுப்புக்கும் கருமைக்கும் உரிய 5-ஆம், 6-ஆம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. நம்மைப் போன்றவர்கள் அந்த அட்டவணையில் பிற்சேர்க்கை.

சிருஷ்டிப்பின் கணக்கோ வேறு. நிறமியை உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா இனத்து மனிதரிடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் நிறமித் துணுக்குகளின் அளவும் பரவலுமே வேறுபடுகின்றன. பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில், நிழலற்ற சித்திரை வெயிலில் வாழும் நமக்கு அந்த நிறமி ஒரு குடை. அந்தக் குடையைக் கிழித்துவிட்டு, அதன்பின் 'சன்ஸ்கிரீன்' என்ற பெயரில் வேறொரு குடையை விலைக்கு வாங்குகிறோம்.

நம் சபையில் இவ்வாண்டு நடந்ததை, பெயர் குறிப்பிடாமல், அவ்வீட்டாரின் சம்மதத்தோடு சொல்லுகிறேன். ஒரு மகளுக்கு இரண்டு ஓலைகள் வாசித்தாயிற்று. மூன்றாவதற்குமுன் அவளால் அடுப்பருகே நிற்க இயலவில்லை. முகம் அப்படி எரிந்தது. கன்னமெங்கும் சிவந்த நரம்புக்கோடுகள். ஆறு மாதமாக ஒரு களிம்பைப் பூசியிருக்கிறாள். மருத்துவர் எழுதிக்கொடுத்ததன்று, தோழி சொன்னது. விற்றவரும் சீட்டு எங்கே என்று கேட்கவில்லை. அந்தக் குழாயில் இருந்தது ஸ்டீராய்டு. அவளுடைய தாயார் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "ஐயா, கல்யாணம் முடியிற வரைக்குமாவது போட்டுக்கட்டுமா?"

அந்தத் தாயை நான் கடிந்துகொள்ளவில்லை. அக்கேள்வியை அவள் வாயில் வைத்தவர்கள் யார் என்பதையே கேட்கிறேன்.

ஸ்டீராய்டுக் களிம்பு முதல் சில வாரங்களில் அற்புதம் செய்வதுபோல் தோன்றும். இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்குவதால் முகம் தெளிந்து, நிறம் கூடினாற்போல் இருக்கும். மாதங்கள் சென்றால் தோல் மெலியும்; உள்ளிருக்கும் குழாய்கள் வெளியே தெரியும்; பரு கிளம்பும்; பெண்களுக்கு முகத்தில் உரோமம் முளைக்கும். நிறுத்தினால் முன்னிலும் கடுமையாக எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடியும் அதையே பூசுவார்கள். மதுவைப் பற்றி நான் பிரசங்கிக்கும்போது ஆமென் சொல்லுகிறவர்கள் இந்த அடிமைத்தனத்தின் அமைப்பும் அதுவே என்பதைக் காணவேண்டும். இந்தியத் தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்று இதற்கொரு தனிப்பெயரே வைக்க நேர்ந்தது. 2018 மார்ச்சில் நடுவண் சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு மருந்துகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. சட்டம் டெல்லியில் இருக்கிறது. களிம்பு கடைத்தெருவில் இருக்கிறது.

பெயரில்லாத, முகவரியில்லாத வெளுப்புக் களிம்புகள் இன்னும் ஒருபடி மேல். அவற்றுள் பலவற்றில் பாதரசம் உண்டு. நிறமி உண்டாவதையே அது தடுக்கிறது. தோல் வழியாக உடலுக்குள் இறங்கிச் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. அண்டை மாநிலமான கேரளத்தில், மலப்புறம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தம்மிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அபூர்வமான ஒரே அடையாளம் காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் களிம்பு பூசியவர்கள். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, கண்ணுக்கு இடுவனவற்றிற்குத் தனி வரம்பு இருப்பது நீங்கலாக, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் தற்செயலாகவும் கலந்திருக்கக்கூடாது. முகம் பூசுகிறவர்களுக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ அழகுநிலையத்தைக் கேட்காமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

இந்தப் பசி எங்கிருந்து வந்தது? இங்கும் 1975 என்ற ஆண்டே எதிர்ப்படுகிறது. 'ஃபேர் அண்ட் லவ்லி' இந்தியக் கடைகளுக்கு வந்தது அவ்வாண்டில். ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் கலந்து கரும்படையைப் போக்கும் சூத்திரத்தை அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. இன்று நம் பெண்கள் வாங்கும் 'மூன்று கலப்பு' களிம்புகள் அந்தச் சூத்திரத்தின் பிள்ளைகள். அந்தக் கிளிக்மன் 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலைக் கைதிகளின் உடல்மீது சோதனைகள் நடத்தியவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பருவுக்கும் பின்பு சுருக்கத்துக்கும் மருந்தாகி உலகப் புகழ்பெற்ற டிரெட்டினாயினும் அச்சிறையில் சோதிக்கப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அதற்காக 2021-இலும், ஃபிலடெல்ஃபியா நகரம் 2022-இலும் மன்னிப்புக் கேட்டன. அம்மருந்து நல்லவர் கையில் நன்மை செய்கிறது, உண்மைதான். ஆயினும் வழவழப்பான முகம் என்ற பண்டத்தின் அடியில் யாருடைய முதுகு இருந்தது என்பதைத் திருச்சபை அறிந்திருப்பது நல்லது.

2020 ஜூலையில் 'ஃபேர்' என்ற சொல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து நீங்கிற்று; 'குளோ' என்ற சொல் ஏறிற்று. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதையொட்டி எழுந்த கூக்குரல் அந்த நிறுவனத்தின் செவிக்கும் எட்டியது. நம் சென்னையிலோ அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, 2009-இல், கவிதா இம்மானுவேல் என்ற சகோதரி நிறுவிய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியிருந்தது. 2014-இல் விளம்பரத் தரக் குழுவும் கருநிறத்தாரைத் தாழ்ந்தவராகவோ மகிழ்ச்சியற்றவராகவோ காட்டலாகாதென்று நெறிமுறை வகுத்தது. விளைவு என்ன? 'வெண்மை' என்ற சொல் மறைந்து, 'பொலிவு', 'தெளிவு', 'ஆரோக்கியம்' என்ற சொற்கள் வந்தன. ஓநாய் உடையை மாற்றிக்கொண்டது.

இதுவரை கடைக்காரரைப் பற்றியும் நிறுவனங்களைப் பற்றியும் பேசினேன். நீங்கள் தலையசைத்திருப்பீர்கள். இனி நம் வாசலுக்கு வருகிறேன்.

நம் சபை அலுவலகத்தில் திருமணத் தகவல் படிவம் ஒன்று உண்டு. பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானம், திடப்படுத்தல், படிப்பு, வேலை, உயரம். அதற்கடுத்த வரி: நிறம். ஞானஸ்நானம் கேட்கும் அதே தாளில் நிறமும் கேட்கப்படுகிறது. அந்தக் கோட்டில் 'சிவப்பு' என்று எழுதக்கூடியவர்கள் எழுதுகிறார்கள். மற்றவர்கள் 'மாநிறம்' என்கிறார்கள். கருப்பு என்று எழுதப்பட்ட ஒரு தாளையும் நான் கண்டதில்லை. பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தமிழில் 'கலர் கம்மி' என்கிறார்கள், தெலுங்கு வீட்டார் 'ரங்கு தக்குவ' என்கிறார்கள். திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்வதற்கு ம.பொ.சி. போன்றவர்கள் எத்தனை போராடவேண்டியிருந்தது! இந்த அவமதிப்புக்கோ எல்லையில் ஒரு சோதனைச் சாவடியும் இல்லை.

நிறம் குறைந்தால் சவரன் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கருத்த மகளைப் பெற்ற தகப்பன் நகைக்கடையில் எத்தனை சவரன் கூடுதலாக வாங்குகிறான் என்று அவனைக் கேளுங்கள். அவன் கணக்கில் லேசருக்குக் கொடுப்பது செலவாகத் தோன்றாது, மிச்சமாகவே தோன்றும். இந்தக் கணக்கைப் போடவைக்கிறவர்கள் புறமதத்தார் அல்லர். ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்து கர்த்தருடைய பந்தியில் பங்குபெறுகிறவர்கள்.

ஒரு மூப்பர் என்னிடம், "ஐயா, தாவீது சிவந்த மேனியுள்ளவன் என்று வேதமே சொல்லுகிறதே" என்றார். சொல்லுகிறது, 1 சாமுவேல் 16-இல். அங்கே வரும் எபிரெயச் சொல் ஆதியாகமம் 25-இலும் வருகிறது. அங்கே அது ஏசாவைக் குறிக்கிறது. கூழுக்காகச் சேஷ்டபுத்திர பாகத்தை விற்றவனும் சிவப்பே. நிறத்தைக் கொண்டு வேதத்தில் எதையாவது நிலைநாட்ட முயல்கிறவர்கள் எண்ணாகமம் 12-ஐ வாசிக்கட்டும். மோசே எத்தியோப்பியப் பெண்ணை விவாகம்பண்ணினதற்காக மிரியாமும் ஆரோனும் முறுமுறுத்தார்கள். அந்நியப் பெண்ணை ஏற்க மனமற்ற நாத்தனாரின் பேச்சு எப்படியிருக்கும் என்பதை நான் உங்களுக்கு விவரிக்கவேண்டியதில்லை. மேகம் விலகியபோது மிரியாம் வெளுத்துப்போயிருந்தாள். ஏழு நாள் பாளயத்துக்குப் புறம்பே இருந்தாள். எத்தியோப்பியப் பெண்ணின் தோலைப் பற்றிக் கர்த்தர் ஒரு குறையும் கூறவில்லை.

உன்னதப்பாட்டின் முதல் அதிகாரத்து மணமகளையும் நினைத்துப் பாருங்கள். வெயில் தன்னைக் கறுக்கச் செய்தது என்கிறாள். திராட்சத் தோட்டங்களைக் காவல்காக்கச் சகோதரர் தன்னை வைத்தார்கள் என்கிறாள். நேசர் அவளை அப்படியே அழைக்கிறார். நம் அயலார் படியேறிச் சென்று வணங்கும் இம்மலையின் கதையிலும் மணமகள் தினைப்புனம் காத்த மலைப்பெண். பல ஓவியங்களில் அவளைக் கருநிறமாகவே தீட்டுகிறார்கள். நம் விசுவாசம் வேறு, அவர்கள் விசுவாசம் வேறு. ஆனால் இரு கூட்டத்தாரும் தத்தம் கதையைக் கேட்டுவிட்டு இறங்கிவந்து, வெயிலில் நிற்காத பெண் கிடைப்பாளா என்று தரகரைக் கேட்பதில் ஒற்றுமையாய் இருக்கிறோம்.

1 பேதுரு 3-ஐ எடுத்துக்கொண்டு பெண்பிள்ளைகளின் அலங்காரத்தைக் கண்டிக்கும்படி சிலர் என்னை வற்புறுத்துகிறார்கள். அதை இவ்வாரம் செய்யமாட்டேன். முதலில் 'நல்ல நிறமுள்ள பெண் வேண்டும்' என்று எழுதிக்கொடுத்த பையன்களும் அவர்களுடைய தாய்தகப்பன்மாரும் எழுந்து நிற்கட்டும். பெண்களிடம் பிறகு பேசுவோம். "எல்லாரும் கேட்கிறார்கள், நாங்கள் மட்டும் எப்படி விடுவது?" என்பது பதிலாகாது. எல்லாரும் கேட்டதனால்தான் ஆரோன் கன்றுக்குட்டியை வார்ப்பித்தான்.

நமது படிவத்தில் நிறம் என்ற வரி இனி இராது. வருகிற ஞாயிறு முதல் புதிய தாள் அலுவலகத்தில் கிடைக்கும். பழைய தாளைக் கொண்டுவருகிறவர்களின் விண்ணப்பத்தை நான் பெற்றுக்கொள்ளமாட்டேன். நிறத்தைக் குறிப்பிட்டு வரன் கேட்டு வருகிறவர்களுக்கு என் பரிந்துரைக் கடிதமும் இல்லை. இதனால் சில சம்பந்தங்கள் வேறு சபைகளுக்குப் போகும் என்று கமிட்டியில் சொன்னார்கள். போகட்டும்.

களிம்பு பூசுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்டீராய்டைப் பல மாதங்கள் பூசியிருந்தால், இதை வாசித்த வேகத்தில் திடீரென நிறுத்திவிடாதேயுங்கள், முகம் கொதித்தெழும். தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உண்டு. சென்ட்ரலில் இறங்கினால் முன்னது எதிரிலேயே இருக்கிறது. துணைக்கு ஆள் வேண்டுமானால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சொல்லுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று குழாயில் அச்சிட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. எழுத்து மிகப் பொடியாக இருக்கும். வாசிக்க முடியாவிட்டால் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழாயையும் அட்டைப்பெட்டியையும் கொண்டுவாருங்கள். நம் சபையில் செவிலியராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் பாடகர் அறையில் இருப்பார். அங்கே உங்கள் பெயரை எவரும் எழுதிவைக்கமாட்டார்கள்.